மேஸ்திரியின் பெயர் இரண்டு முறை அச்சான பட்டியல்

ஒரு கையெழுத்து வாங்குவதற்காகப் போன மாதம் பழைய ஆபீசுக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் கலைச்செல்வி, என்னைப் பார்த்ததும் ஒரு கட்டுத் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தாள் முழுக்க வண்டு ஊர்ந்த மாதிரி குறிகள். பக்கத்துக்கு ஒரு வரி, அதுவும் புரியாத வரி.

"ரெண்டும் ஒரே கம்பெனி லேசர் பிரிண்டர்தான் சார். மாடியில இருக்கறதுக்கு அனுப்பினா அழகா வருது. அதே ஃபைலைக் கீழே இருக்கறதுக்கு அனுப்பினா இப்படிக் கக்குது. சர்வீஸ்காரரைக் கேட்டா, பக்கத்தை எப்படி அடிக்கணும்னு சொல்ற பாஷை ஒண்ணு இருக்காம், அது இந்த மாடலுக்குத் தெரியாதாம். தெரியாதுன்னா பெட்டி மேல ஒரே பேரை எதுக்கு சார் ஒட்டறாங்க?"

"எத்தனை தாள் வீணாச்சும்மா?"

"நாற்பது இருக்கும்."

"தாள்தானே. போகட்டும் விடு" என்றேன். சொல்லும்போது எனக்கே தெரியாமல் ஒரு பெருமூச்சு வந்துவிட்டது. அவள் விடவில்லை. "தாள் இல்லாம வேற என்ன சார் போகும்?" என்று கேட்டாள். நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

என் அப்பா ராயபுரம் ரயில்வே யார்டில் வேகன் பிட்டர். நான் பதினோராம் வகுப்பைத் தாண்டியதோடு படிப்பு நின்றது. அறுபதுகளின் நடுவில் ஒரு வார்ப்பட ஆலையின் ராயபுரம் ஹெட் ஆபீசில், துளையிட்ட அட்டைகளைத் தட்டில் வைத்துத் தூக்கிப் போகிற வேலையில் சேர்ந்தேன். தூக்கிப் போகிற அட்டையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில், மிஷினோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆனது. அப்படியே அட்டை குத்த வந்தேன், பிறகு பிரிண்டர் ஓட்ட வந்தேன். எழுபதுகளில் திருவொற்றியூர் ஆலைக்கும் ஒரு பிரிண்டர் வாங்கினார்கள். அதைப் பார்த்துக்கொள்ள என்னை அங்கே அனுப்பினார்கள். பயிற்சி என்று சொல்ல இவ்வளவுதான்.

சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு எப்போதும் வைத்திருப்பேன். ஆட்கள் பேசுகிற பேச்சில் பிடித்ததை அதில் குறித்துக்கொள்வேன். அந்தக் காலத்துப் பிரிண்டர் ஒரு வரியை ஒரே அடியில் அடித்துத் தள்ளும். சத்தம் கேட் வரைக்கும் கேட்கும். கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மா ஒருநாள் சொன்னாள், "உங்க மிஷினு எங்க மாமியா மாறியே பேசுது நைனா. ஒரு வரி முடியறதுக்குள்ள அட்த்த வரி ரெடியா கீது." அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

திருவொற்றியூரில் எனக்கு மேலதிகாரி செபஸ்தியான் சார். ராயபுரத்துக்காரர், கோவில் தெருவில் வீடு. ஆபீசர்களிடம் ஆங்கிலம், எங்களிடம் ஊர்ப் பேச்சு. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு விஷயம் பெரிது என்று அவருக்குப் பட்டால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார். அதற்குப் பிறகு அறையில் யாரும் சிரிக்க மாட்டோம்.

அவர் வேலை வாங்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். எந்தப் பட்டியல் அச்சானாலும் இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் அட்டையிலிருந்து படிக்க வேண்டும், மற்றவர் தாளின்மேல் இரும்பு ஸ்கேலை வைத்து வரி வரியாக நகர்த்திக்கொண்டே திரும்பச் சொல்ல வேண்டும். பாதியில் ஆள் மாற வேண்டும். "கண்ணு இருக்கே, அது தாவிப் பூடும் துரை. வாய் தாவாது" என்பார் என்னிடம். முடிந்ததும் முதல் வரி, கடைசி வரி, மொத்தம் எத்தனை பேர் என்று மூன்றையும் தானே பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். தப்பு நடந்தால், யார் செய்தது என்று கேட்க மாட்டார். "எந்த வரி?" என்றுதான் கேட்பார். அட்டைக்கட்டு கைதவறி விழுந்தால் வரிசை கெட்டுவிடும் என்பதற்காக, கட்டின் மேல்பக்கம் குறுக்கே மார்க்கரால் ஒரு சாய்கோடு போடச் சொன்னதும் அவர்தான். ஒரு அட்டை இடம் மாறினாலும் கோடு உடைந்து தெரியும்.

இப்போது கலைச்செல்வி கேட்டதற்கு வருகிறேன்.

பிரிண்டருக்கு அனுப்பும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால், தாளில் விழாத ஓர் எழுத்து உண்டு. அது பிரிண்டருக்கு மட்டும் சொல்கிற உத்தரவு. வெற்றிடமாக விட்டால், ஒரு வரி இறங்கி அடி. பூஜ்யம் போட்டால், இரண்டு வரி இறங்கி அடி. ஒன்று போட்டால், புதுப் பக்கத்துக்குப் போ. கூட்டல் குறி போட்டால், இறங்காதே, அடித்த வரியின் மேலேயே இன்னொரு தரம் அடி. இன்றைக்கு இவர்கள் பக்க பாஷை என்கிறார்களே, அன்றைக்கு எங்களுக்கு இருந்தது இந்த நாலு சொல்தான்.

ஹெட் ஆபீசிலும் எங்களிடமும் இருந்தவை ஒரே வெளிநாட்டுக் கம்பெனியின் பிரிண்டர்கள். ஒரே நிறம், ஒரே மாதிரி மூடி, ஒரே அட்டை போட்ட புத்தகம். ஹெட் ஆபீசில் இருந்தது விலை கூடின மாடல், எங்களிடம் இருந்தது குறைந்தது. வேகம்தான் வித்தியாசம் என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். நாங்களும் நம்பினோம்.

ஆலையில் மணல் ஷெட் என்று ஒன்று உண்டு. வார்த்த இரும்பை மணலிலிருந்து உடைத்து எடுக்கும் இடம். எந்த நேரமும் தூசி. அங்கே நாலு கூட்டம் வேலை பார்த்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு மேஸ்திரி, அவருக்குக் கீழே ஒன்பது பேர். பட்டியலில் மேஸ்திரி பெயர் முதலில் வரும். ஆனால் மற்ற பெயர்களைப் போலவே ஒரே கறுப்பில் வரும். இதில் மேஸ்திரிகளுக்கு மனத்தாங்கல். கையால் எழுதிய காலத்தில் அவர்கள் பெயரைச் சிவப்பு மையில் எழுதுவார்களாம்.

மூன்றாவது கூட்டத்து மேஸ்திரி கோதண்டம், முகத்துவாரக்குப்பத்துக்காரர், நேராக எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"இன்னா நைனா, முப்பது வர்சம் மணல்ல குந்திக்கீறேன். எம் பேரும் நேத்து வந்த பையன் பேரும் ஒரே கலர்ல கீது. உம் மிஷினுக்குப் பெரியவன் சின்னவன் தெரியாதா?"

விஷயம் ஹெட் ஆபீசுக்குப் போனது. அங்கே இருந்தவர்கள் சுலபமான வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு மேஸ்திரி அட்டைக்கும் பின்னால், அதே பெயருடன் கூட்டல் குறி போட்ட இன்னொரு அட்டை. பெயர் மேலேயே பெயர் விழும், கறுப்பு அடர்த்தியாகத் தெரியும். அவர்கள் பிரிண்டரில் அற்புதமாக வந்தது; எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மணல் ஷெட் ஆட்கள் நாற்பது பேருக்கும் மார்பு எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடானது. அவர்களில் பலர் தற்காலிக வேலையில் இருந்தவர்கள். எக்ஸ்ரேயில் குறை இல்லை என்றால் நிரந்தரமாக்கும் உத்தரவு. குறை என்றால் ஷெட்டுக்குள் விடமாட்டார்கள், அதாவது வேலை இல்லை. பட்டியலை ஹெட் ஆபீஸ் அச்சடித்துக் கிளினிக்குக் கொடுத்தது. அதே அட்டைக்கட்டு, ஆலை டிஸ்பென்சரிக்கு ஒரு பிரதி அடிப்பதற்காகக் காலை வேனில் எங்களிடம் வந்தது.

தாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அட்டையில் இடம் போதாததால் வரிசை எண்ணை நாங்கள் அடிப்பதில்லை. இடது ஓரத்தில் ஒன்று முதல் ஐம்பது வரை எண்கள் ஏற்கெனவே அச்சாகி வந்த தாள். எந்த எண்ணுக்கு நேரே பெயர் விழுகிறதோ அதுதான் அவர் எண். கிளினிக் டாக்டர் முடிவு எழுதும்போது பெயர் எழுத மாட்டார், எண் மட்டும் எழுதுவார்; அது யார் என்று டிஸ்பென்சரிப் பிரதியைப் பார்த்துக் கம்பவுண்டர் சொல்வார். நெஞ்சு நோய் என்று ஒரு பெயர் வெளியே போனால் அந்த வீட்டில் பெண் எடுக்கக்கூட யோசிப்பார்கள். அதனால் டாக்டர் வைத்துக்கொண்ட நியதி அது. நல்ல எண்ணத்தில் வைத்தது.

கட்டு வந்த அன்று செபஸ்தியான் சார் ஹெட் ஆபீஸ் கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் ஓட்டினேன். பார்த்தால் மேஸ்திரி பெயர் ஒவ்வொன்றும் கீழும் மேலுமாக இரண்டு தடவை. அந்த நேரம் பார்த்து கோதண்டம் வேறு எட்டிப் பார்த்தார்.

"நான் கறுப்பாப் போடுன்னா நீ ரெண்டாப் போட்டுக்கீறே. ஊட்ல ஒருத்தனுக்கே சோறு இல்லன்றா எம் பொண்டாட்டி."

நானும் சிரித்தேன். கட்டில் அட்டை தவறுதலாக இரண்டு தடவை சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். ஸ்கேல் வைத்து, சிவப்புப் பென்சிலால் நாலு உபரி வரிகளையும் நேர்கோடாக அடித்தேன். இரண்டு பேர் உட்கார்ந்து படிக்கவில்லை. சம்பளப் பட்டியலா என்ன, எக்ஸ்ரே பட்டியல்தானே என்று ஒரு நினைப்பு. கடைசிப் பெயர் நாற்பத்து நாலாம் எண்ணில் நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை. "சரிபார்க்கப்பட்டது" என்று கையெழுத்துப் போட்டு டிஸ்பென்சரிக்கு அனுப்பினேன். கோடு நேராக விழுந்ததில் ஒரு திருப்தி வேறு.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு டீ குடிக்கக் கேட்டுக்கு வெளியே போனேன். சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் மரியநாதன் குந்தியிருந்தான். கோதண்டம் கூட்டத்து ஆள், இருபத்தாறு வயது, ராயபுரம் கடலோரத்துப் பையன். எதிரே கோதண்டம் நின்றிருந்தார். அதே கூட்டத்துக் காதர் மொய்தீன், தண்டையார்பேட்டைக்காரன், மரியநாதனுக்கு உயிர்த் தோழன், கையில் டீ கிளாசோடு நின்றிருந்தான்.

"குட்றா. காலையிலர்ந்து வெறும் வவுறு" என்றான் காதர்.

"வோணாம்."

என்ன என்று கேட்டேன். கோதண்டம் சொன்னார். "காலையில கம்பவுண்டர் வந்தாரு. இருவத்தேழு, மரியநாதன், நெஞ்சுல நெயல் வுயுந்துகீது, நீ ஷெட்டுக்குள்ள போவாதேன்னாரு. நாலு மணிக்கு மேனேஜர் எல்லாருக்கும் ஆர்டர் கையெயுத்துப் போடறாரு. இவன் ஆர்டர மட்டும் தனியா எட்த்து வெச்சிட்டாங்கோ."

மரியநாதன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "துரையண்ணே, நான் காசிமேட்லர்ந்து கட்டுமரத்துக்கு நீந்திப் போய் வர்றவன். ஒரு இருமல் உண்டா எனக்கு? அந்த எக்ஸ்ரேகாரன் என்ன இருவத்தேழுன்னு கூப்டவே இல்ல. இருவத்தி நாலு, மூச்சப் புடின்னான். புட்ச்சேன். கம்பவுண்டர் கிட்ட சொன்னா, அவன் ஆயிரம் சொல்வான், லிஸ்டுல இன்னா கீதோ அதான்றாரு."

காதர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

டீ குடிக்காமலே அறைக்கு ஓடி வந்து, எங்களிடம் இருந்த கார்பன் பிரதியை எடுத்தேன். இருபத்தேழுக்கு நேரே மரியநாதன். சரி. இருபத்து நாலுக்கு நேரே விரலை வைத்தேன். அங்கே யாரும் இல்லை. கோதண்டத்தின் இரண்டாவது பெயரும் அதன்மேல் நான் போட்ட சிவப்புக் கோடும்தான் இருந்தன.

அவனை இருபத்து நாலு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். என் தாளில் இருபத்து நாலாம் ஆளே கிடையாது.

நாலு மணிவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று எழுதினால் பொய். கைகழுவும் தொட்டி வரைக்கும் போய், முகத்தைக் கழுவிக்கொண்டு, செபஸ்தியான் சார் மேசைக்குப் போனேன்.

"சார், எக்ஸ்ரே லிஸ்டுல தப்பு. நான்தான் பண்ணேன்."

"எந்த வரி?"

"ரெண்டாவது வரியிலர்ந்து எல்லா வரியும் சார்."

அவர் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். என் தாளை வாங்கி, ஸ்கேலை முதல் வரியில் வைத்து, நிதானமாக இறக்கிக்கொண்டே வந்தார். சிவப்புக் கோடு வந்தபோதெல்லாம் ஒரு கணம் நின்றார். கடைசி வரியில் "நாப்பது பேரு, நாப்பத்தி நாலு" என்று மட்டும் சொன்னார். பிறகு ஹெட் ஆபீசுக்குப் போன் போட்டு, அங்கே இருக்கும் பிரதியை எடுக்கச் சொன்னார்.

"இருபத்து நாலு படி." பதிலைக் கேட்டுக்கொண்டார். என்னிடம் திரும்பி, "மரியநாதன்" என்றார். மறுபடியும் போனில், "இருபத்தேழு படி." இம்முறை போனை வைத்துவிட்டுத்தான் சொன்னார்.

"காதர் மொய்தீன்."

தாளில் எண்ணிப் பார்த்தேன். மூன்று மேஸ்திரிகளுக்கு மூன்று உபரி வரி. மூன்றாவது மேஸ்திரிக்குக் கீழே எல்லாரும் மூன்று எண் கீழே இறங்கிவிட்டார்கள். காதரின் எண் மரியநாதன்மேல் விழுந்திருந்தது.

சார் அலமாரியிலிருந்து இரண்டு பிரிண்டர் புத்தகங்களையும் எடுத்து அடுத்தடுத்து விரித்தார். எங்களுடையதில், உத்தரவு எழுத்துகளின் அட்டவணையில் கூட்டல் குறிக்குப் பக்கத்தில் கொசு அளவுக்கு ஒரு நட்சத்திரம். பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில், இந்த மாடலில் இது கிடையாது, தனியாகக் கேட்டு வாங்கிப் பொருத்த வேண்டும், இல்லையென்றால் வெற்றிடமாக எடுத்துக்கொள்ளும் என்று போட்டிருந்தது. வெற்றிடம் என்றால் ஒரு வரி இறங்கு.

"ரெண்டும் ஒரே வூட்டுப் புள்ளைங்கதான்பா. ஒண்ணுக்குக் காது கேக்கல. நம்ம புள்ளைக்குன்னு தெரியாமப் போச்சு" என்றார். பிறகு ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். "மேனேஜர் போன நம்ப மாட்டாரு, பேப்பரதான் நம்புவாரு. ஹெட் ஆபீஸ்ல காபியை வாங்கிக்கோ. அப்படியே கிளினிக்குப் போயி டாக்டரப் பாரு. நாலு மணிக்கு முன்ன வந்துடு. கேட்டாண்ட எவன் கிட்டயும் வாய் தொறக்காத. ரெண்டு பேரும் அங்கியே நிக்கிறானுங்க."

போகும்போது அவர்களைத் தாண்டித்தான் பஸ் ஏறினேன். மரியநாதன் தலை குனிந்திருந்தான். காதர் என்னையே பார்த்தான். நான் கண்ணை எடுத்துவிட்டேன்.

தண்டையார்பேட்டையில் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டி நின்றன. பஸ் நகரவில்லை. இறங்கி நடந்தேன், பாதி தூரம் ஓடினேன். ஹெட் ஆபீசில் பிரதியை வாங்கிப் பார்த்தபோது கோதண்டத்தின் பெயர் ஒரே வரியில் கன்னங்கறேலென்று ராஜா மாதிரி இருந்தது.

கிளினிக் டாக்டர் வயதானவர், பேச்சில் சிக்கனம். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். எழுந்து போய் இரண்டு எக்ஸ்ரே படங்களை விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

"இது இருபத்து நாலு. மீன் பிடிக்கிறவர் மாதிரி நெஞ்சு. ஒன்றும் இல்லை." விரலைப் பக்கத்துப் படத்துக்கு நகர்த்தினார். "இது இருபத்தேழு. இதோ, இங்கே மேலே, பஞ்சு ஒட்டின மாதிரி."

"பிழைப்பாரா டாக்டர்?"

"பிழைக்காமல் என்ன? ஆரம்பம்தான். ஊசியும் மாத்திரையும் விடாமல் எடுத்தால் ஒன்றரை வருடத்தில் ஆள் தேறிவிடுவார்." கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் இன்று வரவில்லை என்றால், நோய் இல்லாதவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பேன். நோய் இருப்பவர் இன்னும் ஒரு வருடம் மணல் தூசியில் நின்றிருப்பார். அப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் வேறு பதில் சொல்ல வேண்டியிருக்கும்."

சீட்டு எழுத உட்கார்ந்தவர், பேனாவை எடுத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு முதல் தடவையாக எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு பெயர்களையும் எழுதினார். கூடவே, காதருக்குத் தூசி இல்லாத இடத்தில் வேலை கொடுக்கலாம், வேலையை நிறுத்தத் தேவையில்லை என்றும் ஒரு வரி சேர்த்தார். அந்த வரியை நான் கேட்கவில்லை. அவராகவே எழுதினார்.

ஆலைக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றே கால். செபஸ்தியான் சார் என்னை மேனேஜர் அறைக்கு அழைத்துப் போனார். மேனேஜர் இரண்டு பிரதிகளையும் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். "இதில் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டது யார்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சார் முந்திக்கொண்டார். கையெழுத்து இவருடையது, அறை என்னுடையது என்று ஆங்கிலத்தில் சொன்னார். இருவருக்கும் விளக்கக் கடிதம் எழுதச் சொல்லி உத்தரவானது. மரியநாதனின் உத்தரவுத் தாள் மறுபடியும் கட்டில் சேர்ந்தது. காதரை ஸ்டோர் அறைக்கு மாற்றவும், அவன் நிரந்தரத்தைச் சிகிச்சை முடியும்வரை நிறுத்தி வைக்கவும் மேனேஜர் ஒப்புக்கொண்டார். நிறுத்தி வைப்பதுதான், நீக்குவது அல்ல. அந்த ஒரு சொல்லுக்காகச் சார் அங்கே பத்து நிமிடம் நின்றார்.

வெளியே வந்ததும் "நீயே சொல்லு" என்றார் என்னிடம்.

சைக்கிள் ஸ்டாண்டில் மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள். "மரியா, உனக்கு ஒண்ணும் இல்ல. என் லிஸ்டுதான் தப்பு. உன் ஆர்டர் கையெழுத்தாவுது" என்றேன்.

அவன் துள்ளிக் குதிப்பான் என்று எதிர்பார்த்தேன். எழுந்து நின்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு கேட்டான்.

"அப்ப இருவத்தேழு யாருண்ணே?"

நான் காதரைப் பார்த்தேன். காதர்தான் பேசினான்.

"நாந்தான்டா."

காதர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "என்னத்தான் இருவத்தேழுன்னு கூப்டான் எக்ஸ்ரேகாரன். காலையில கம்பவுண்டர் நம்பரச் சொன்னப்பவே எனக்கு நெஞ்சு அட்ச்சிகிச்சு. அப்பால உம் பேரச் சொன்னாரு. வாயத் தொறக்கணும், வாயத் தொறக்கணும்னுதான் நிக்கிறேன். ஊட்ல அவளுக்கு இது எட்டாவது மாசம். வாய் வரலடா மரியா."

கோதண்டம் மேஸ்திரி "அடப்பாவி" என்றார், அதுவும் மெல்ல.

மரியநாதன் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றான். கை ஓங்கப்போகிறான் என்று நினைத்து நான் ஓர் அடி முன்னால் போனேன்.

"அறிவு கீதாடா உனக்கு" என்றான் மரியநாதன். "பொங்கல்லர்ந்து சொல்லிகினு கீறேன், இருமுறியே, போயி காட்டுன்னு. லவங்கத்த மென்னு மென்னு என்ன ஏமாத்திகினு இருந்தியா?" கீழே இருந்த டீ கிளாசைக் காட்டினான். "அஞ்சு மணி நேரம் டீய வெச்சிகினு நிக்கிறியே. அதுக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா, சோமாரி."

"சொல்லியிருந்தா நீ இன்னா பண்ணியிருப்பே?"

"உன்ன இஸ்துகினு டாக்டராண்ட போயிருப்பேன். இப்ப மட்டும் இன்னா பண்ணப் போறேன்? வா."

காதர் அழுதான். பிடிபட்டவன் அழுகை அல்ல அது. தூக்கிக்கொண்டிருந்த மூட்டையை இறக்கியவனுக்கு வருமே, அது. "நைனா, உம் முன்னாடி சொல்றேன், இப்பதான் எனக்கு மூச்சே வருது" என்று கோதண்டத்திடம் சொன்னான். ஆர்டர் வாங்கக்கூட நிற்காமல் மரியநாதன் அவனைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனான். மரியநாதனின் உத்தரவைக் கோதண்டம்தான் வாங்கி வைத்திருந்தார். அன்று சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்று சொன்னார், "நைனா, இனிமே எம் பேர வெளுப்பாவே போடு."

திங்கட்கிழமை செபஸ்தியான் சாரும் நானும் ஒரு வேலை ஆரம்பித்தோம். புத்தகத்தில் இருந்த ஒவ்வொரு உத்தரவு எழுத்துக்கும் ஒரு சோதனை அட்டை குத்தி, இரண்டு பிரிண்டரிலும் ஓட்டினோம். எது எதைக் கேட்கிறது, எது எதைக் கேட்ட மாதிரி நடிக்கிறது என்று ஒரு பெரிய அட்டையில் கட்டம் போட்டு எழுதிச் சுவரில் மாட்டினோம். புத்தகம் சொன்னதை எழுதவில்லை, தாளில் விழுந்ததைத்தான் எழுதினோம். பின்னால் மணலிக் கிடங்குக்கு அதே கம்பெனியின் மூன்றாவது பிரிண்டர் வந்தது. அதற்குக் கூட்டல் குறி தெரிந்தது, பூஜ்யம் தெரியவில்லை. விற்க வந்த இன்ஜினியரிடம் சார் அந்த அட்டையைக் காட்டினார். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, இதை நான் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வரிசை எண்ணை அட்டையிலேயே குத்தி அடிப்பது என்றும் முடிவு செய்தோம். அட்டையில் அதற்கு இடம் வர, ஒவ்வொருவர் பெயரோடும் அடிக்கும் அவர் அப்பா பெயரில் இரண்டு எழுத்துகளைக் குறைக்க வேண்டியிருந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை.

ஒன்றரை வருடம் காதர் ஊசிக்குப் போனான். பெரும்பாலும் மரியநாதன் கூடவே போனான். "தனியா அனுப்பினா வழியில டீ குட்ச்சிட்டு வந்துடுவான்" என்று காரணம் சொல்வான். காதருக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஸ்டோரில் காதர் போல்ட்டையும் நட்டையும் எண்ணிக்கொண்டு நல்ல நிறமாகிவிட்டான்.

கடைசி எக்ஸ்ரே முடிவை வாங்க நானே போகிறேன் என்று கேட்டுக்கொண்டு போனேன். டாக்டர் படத்தை விளக்கில் மாட்டினார், படத்தில் அந்த இடத்தை என் விரலாலேயே தொட்டுப் பார்க்கச் சொன்னார். பஞ்சு இருந்த இடத்தில் ஒரு சின்னத் தழும்பு மட்டும் இருந்தது. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அன்றைக்கு வழியில் எங்கும் லாரி நிற்கவில்லை.

ஆலை வாசலில் இறங்கினேன். காதர் ஸ்டோர் கதவருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் முழு முற்றம் இருந்தது. நான் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை, பைக்குள் கைகூட விடவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான். கையில் இருந்த டப்பாவை அப்படியே கீழே வைத்துவிட்டு, மணல் ஷெட்டுப் பக்கம் திரும்பி, நெஞ்சு முழுக்கக் காற்றை இழுத்து, இருமாமல், ஒரே மூச்சில் கத்தினான்.

"டேய் மரியா, வெளிய வாடா."